முதல் இனிப்பு ஒயின் பாட்டில்: சோட்டர்னா, டோகாயா, டானி போர்ட்டா, மொஸ்காட்டோவா?

போன மாம்பழ சீசன் முடிந்த கையோடு மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

முதலாமவர் ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸில் ரோஜா போடும் நண்பர். மகன் ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வருகிறான், நல்ல இனிப்பு ஒயின் ஒன்று கொண்டு வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன், எதைச் சொல்ல என்றார். இரண்டாமவர் கிருஷ்ணகிரியில் என்னோடு மாங்கூழ் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் ஒருவர்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன கிளாஸ் போதும், பாட்டில் கெட்டுப் போகக் கூடாது என்றார். மூன்றாவது, தர்மபுரியிலிருந்து போய் பெங்களூரில் குடித்தனம் வைத்திருக்கும் என் அண்ணன் மகள். "சித்தப்பா, கல்யாண நாளுக்கு நாலு ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. எல்லாரும் கேக்குக்கு அப்புறம் ஏதாவது புதுசா ருசி பார்க்கணும்னு சொல்றாங்க. எது வாங்கலாம்?"

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தகுதி என்ன என்று கேட்டால், ஒயின் படித்தவன் இல்லை. கூழ் ஃபாக்டரி லேபில் பல வருடம் இனிப்பையும் புளிப்பையும் அளந்தவன். மே, ஜூன், ஜூலையில் லாரி லாரியாகப் பெங்களூரா வந்து இறங்கும். கிளிமூக்கு என்றும் சொல்வோமே, அதுதான். ஒவ்வொரு லாட்டிலும் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை, எவ்வளவு, ஆசிட் எவ்வளவு என்று பார்த்து எழுதுவேன். வெறும் பிரிக்ஸ் ஏறியிருந்தால் மட்டும் கூழ் நன்றாக இருக்காது. ஆசிட் இறங்கிப் போன கூழ் வாயில் வழவழவென்று உட்கார்ந்துகொள்ளும், இரண்டாவது ஸ்பூன் கேட்காது. பானகத்தில் எலுமிச்சை பிழிய மறந்தால் என்ன ஆகும்? அதேதான்.

ஒருமுறை கூழ் வாங்க வந்த ஒரு ஐரோப்பியர், வேலையெல்லாம் முடிந்த பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். தங்க நிறம். டீ கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றிக் கொடுத்தார். முகர்ந்தால் தேன், காய்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், ஓரமாகக் கொஞ்சம் குங்குமப்பூ. வாயில் வைத்ததும் மல்கோவாவின் கொட்டையை ஒட்டிய சதை மாதிரி அடர்த்தியான இனிப்பு. விழுங்கிய பிறகு இரண்டு கன்னத்திலும் எச்சில் ஊறியது. அந்த ஊறல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சர்க்கரைக்கு அடியில் ஒரு புளிப்பு நிமிர்ந்து நின்றது. அது சோட்டர்ன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் புளிப்பு. சர்க்கரை லிட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்த்து இனிப்பு ஒயின் வாங்குபவர் பாதியைத்தான் பார்க்கிறார். நல்ல இனிப்பு ஒயினைக் குடித்து முடித்ததும் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். திகட்டினால் அதில் புளிப்பு போதவில்லை.

இரண்டாவது, திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும். நம் ஊர் வெயிலில் இது பெரிய விஷயம். இனிப்பு ஒயினை ஒரு தடவைக்கு 50, 60 மில்லிக்கு மேல் யாரும் குடிப்பதில்லை. 750 மில்லி பாட்டில் என்றால் பன்னிரண்டு பேருக்கு வரும். அத்தனை பேர் இல்லையென்றால் மீதி என்ன ஆகும் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆல்கஹால். இனிப்பாக இருப்பதால் லேசானது என்று நினைத்துவிடுகிறோம். 4.5 சதவீதத்திலிருந்து 22 சதவீதம் வரை இந்த வகைகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது.

நான்காவது, பக்கத்தில் என்ன வைத்துச் சாப்பிடப் போகிறோம். ஐந்தாவது விலை, பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் விலை மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத செலவும் சேர்த்து.

இன்னொன்று. இந்தப் பேச்செல்லாம் 21 வயது நிறைந்தவர்களுக்கு. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். முக்கியமான ஒயின்களின் சர்க்கரைக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

## சோட்டர்ன்

பிரான்ஸில் போர்தோ நகரத்துக்குத் தெற்கே கரோன் ஆற்றை ஒட்டிய சின்னப் பகுதி. அங்கே சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு வந்து வெதுவெதுப்பான கரோனில் கலக்கிறது. இலையுதிர் காலத்தில் இரண்டும் சேரும் இடத்தில் காலையில் மூடுபனி எழும். மதியம் வெயில் அதைக் கலைத்துவிடும். காலை ஈரம், மதியம் உலர்வு என்ற இந்த மாறி மாறி வரும் நிலையில்தான் பொட்ரைடிஸ் என்ற பூஞ்சை திராட்சையில் பிடிக்கிறது.

இதைச் சொன்னபோது ரோஜா நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொட்ரைடிஸா? அதுக்குத்தானே நாங்க மருந்து அடிச்சுக்கிட்டே இருக்கோம்!" அதே பொட்ரைடிஸ்தான். பாலிஹவுஸில் ராத்திரி ஈரம் தங்கினால் ரோஜா மொட்டில் பழுப்புப் புள்ளி விழுந்து, பெட்டிக்குள் போன பிறகு மொத்தமும் அழுகும். காதலர் தினத்துக்கு ஏற்றுமதி செய்யும் நேரத்தில் ஓசூரில் அவர்கள் தூங்காமல் பார்ப்பது இதைத்தான். சோட்டர்னிலும் விடாமல் மழை பெய்தால் இந்தப் பூஞ்சை திராட்சையை வெறுமனே அழுக வைத்து, அந்த வருட மகசூலையே கெடுத்துவிடும். மதிய வெயில் வந்தால் மட்டும் கதை மாறுகிறது. பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடுகிறது, அதன் வழியே தண்ணீர் ஆவியாகிறது, பழம் சுருங்குகிறது. சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே கெட்டிப்படுகின்றன. நாங்கள் பெங்களூராக் கூழை ஆவியாக்கி 28 பிரிக்ஸுக்குக் கான்சன்ட்ரேட் செய்ய பெரிய எந்திரம் வைத்திருந்தோம். அங்கே ஒரு பூஞ்சை அதைக் கொடியிலேயே செய்து முடிக்கிறது. அதோடு தேன், குங்குமப்பூ வாசனையையும் சேர்த்துவிட்டுப் போகிறது.

எல்லாப் பழமும் ஒரே நாளில் சுருங்குவதில்லை. அதனால் பறிப்பவர்கள் ஒரே தோட்டத்துக்குள் பல தடவை போய், சுருங்கியதை மட்டும் தேர்ந்து பறிக்கிறார்கள். அங்கே பேர் பெற்ற ஷாட்டோ டிக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் என்பது வழக்கமான கணக்கு. 1855-ல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது அதற்கு மட்டும் எல்லோருக்கும் மேலே ஒரு தனிப் படி கொடுத்தார்கள். 2012-ல் பழம் தரமில்லை என்று அந்தத் தோட்டம் அந்த வருடத்து ஒயினையே வெளியிடவில்லை. அதே தோட்டத்தின் 1811-ம் வருடப் பாட்டில் ஒன்று 2011-ல் 75,000 பவுண்டுக்கு விற்றது. இந்தக் கூலியும் இந்த மகசூலும் தெரிந்தால் விலையைப் பார்த்துக் கோபம் வராது. நமக்கு டிக்கெம் தேவையும் இல்லை. சோட்டர்ன், பக்கத்து ஊரான பர்சாக் என்ற பெயர்கள் லேபிளில் இருக்கும் சாதாரணத் தோட்டத்து 375 மில்லி பாட்டிலே இந்த ருசியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சர்க்கரை பொதுவாக லிட்டருக்கு 120 முதல் 150 கிராம். 60 மில்லியில் எட்டு, ஒன்பது கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். ஆல்கஹால் 13, 14 சதவீதம். புளிப்பு நடுத்தரம், அடர்த்தியும் வாசனையும்தான் இதன் பலம். திறந்த பிறகு கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள், ஒரு வாரம் நன்றாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், நம் நாட்டில் வெளிநாட்டு ஒயினுக்கு இறக்குமதி வரி நெடுங்காலமாக 150 சதவீதம் வரை இருந்து வந்தது. அதன் மேல் மாநில வரிகள். ஐரோப்பாவில் நடுத்தரமான விலையில் இருப்பது இங்கே வரும்போது மூன்று மடங்கைத் தாண்டலாம். அதை விட மோசம், சூட்டில் கெட்ட பாட்டிலை முழு விலைக்கு வாங்குவது. எனக்கே நடந்திருக்கிறது. வெயில் படும் ஷெல்ஃபில் நின்றிருந்த பாட்டிலை ஆசையில் வாங்கிவிட்டேன். திறந்தால் வெந்த வெல்லப்பாகு வாசனை மட்டும்தான், தேனும் இல்லை, பழமும் இல்லை. இப்போதெல்லாம் கார்க் கொஞ்சமாவது மேலே தள்ளியிருக்கிறதா, கழுத்துப் பக்கம் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வாங்குவதில்லை. நிறம் ஆழமாக இருப்பது மட்டும் குறையில்லை. சோட்டர்ன் வயதாக ஆகத் தானாகவே கருந்தங்கமாக மாறும்.

ஐந்தாறு பேர் கூடும் நாளுக்கு, இனிப்பு ஒயின் என்றால் என்ன என்று ஒரே தடவையில் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவருக்கு இதுதான் சரி.

## டோகாய்

எனக்கென்று ஒரே ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

ஹங்கேரியின் வடகிழக்கில் போட்ரோக், டிசா என்ற இரண்டு ஆறுகள் சேருமிடம். இங்கேயும் மூடுபனி, இங்கேயும் அதே பூஞ்சை. ஆனால் முக்கியமான திராட்சை வேறு: ஃபுர்மின்ட். இயல்பிலேயே புளிப்பு மிகுந்த ரகம். பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழத்தை அவர்கள் அஸூ என்கிறார்கள். அதை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, முதுகில் மாட்டும் கூடையில் சேர்ப்பார்கள். அந்தக் கூடைக்குப் பெயர் புட்டோனி, 25 கிலோ வரை பிடிக்கும். 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை போட்டார்கள் என்பதே ஒருகாலத்தில் இனிப்பின் அளவாக இருந்தது. லேபிளில் 5 புட்டோன்யோஷ், 6 புட்டோன்யோஷ் என்று போடும் வழக்கம் அதிலிருந்து வந்தது. 2013-க்குப் பிறகு டோகாய் அஸூ என்று சொல்ல லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை வேண்டும். 6 என்று போட 150.

எண்ணைப் பார்த்தால் சோட்டர்னை விட இனிப்பு. வாயில் வைத்தால் அப்படித் தெரியாது. ஃபுர்மின்ட்டின் புளிப்பு கீழிருந்து தூக்கிவிடும். பக்குவமாக உப்பும் வெல்லமும் போட்ட மாங்காய்ப் பச்சடி போல, இனிப்பா புளிப்பா என்று நாக்கு முடிவு செய்வதற்குள் அடுத்த வாய் கேட்கும். வாசனையில் ஆரஞ்சுத் தோல், காய்ந்த ஆப்ரிகாட், தேன், சில பாட்டில்களில் டீத்தூள் கூட.

இந்த மண்ணில் தோட்டங்களின் எல்லையை 1737-லேயே அரச ஆணையில் வரையறுத்துவிட்டார்கள். எஸென்ஸியா என்று இதிலேயே ஒன்று உண்டு. அஸூ பழங்கள் தங்கள் கனத்திலேயே நசுங்கிச் சொட்டும் சாறு அது. சர்க்கரை லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட்டே அதில் திணறுவதால் நொதிப்பது வருடக் கணக்கில் இழுக்கும், ஆல்கஹாலும் மிகக் குறைவு. ஸ்பூனில் ஊற்றிச் சுவைப்பார்கள். முதல் பாட்டிலாக அது வேண்டாம்.

டோகாய் பெரும்பாலும் 500 மில்லி பாட்டிலில் வரும், எட்டுப் பேருக்கு. புளிப்பு கூடுதலாக இருப்பதால் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம், பத்து நாள் தாங்குகிறது. சிக்கல், கிடைப்பது. நம் பக்கத்துக் கடைகளில் இதைப் பார்த்ததே இல்லை; பெங்களூரின் பெரிய கடைகளில் கூடத் தேட வேண்டும். ஆகவே ஐரோப்பாவிலிருந்து யாராவது வரும்போது சொல்லிவிட வேண்டிய பாட்டில் இது. வெளிநாட்டிலிருந்து வருபவர் தலைக்கு 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் நடுவில் இன்னொரு ஏர்போர்ட்டில் விமானம் மாறினால், டியூட்டி ஃப்ரீயில் சீல் வைத்துக் கொடுக்கும் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அடுத்த செக்யூரிட்டியில் பாட்டில் போய்விடும். பெட்டிக்குள் வைப்பதானால் நடுவில், நாலு பக்கமும் துணி சுற்றி.

## டானி போர்ட்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் பக்கம் போர்ட் ஒயின் என்றால் கோவா பக்கமிருந்து வரும் மலிவான இனிப்புச் சிவப்பு ஒயின்தான் பலருக்கு நினைவுக்கு வரும். போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் செய்யும் போர்ட் வேறு பொருள். 1756-லேயே அந்தப் பள்ளத்தாக்கின் எல்லையைச் சட்டம் போட்டுக் குறித்தார்கள்.

திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது, சர்க்கரை பாதி மீந்திருக்கையிலேயே 77 சதவீதம் வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை தங்கிவிடும். ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம். பிறகு மரப் பீப்பாயில் வருடக் கணக்கில் வைத்தால் சிவப்பு வெளிறிப் பழுப்பாகும், அதுதான் டானி. 10, 20, 30, 40 வருடம் என்று லேபிளில் இருக்கும். வறுத்த முந்திரி, காய்ந்த அத்தி, கருப்பட்டிப் பாகு ருசி. சர்க்கரை லிட்டருக்கு நூறு கிராமை ஒட்டி. புளிப்பு மற்ற இரண்டையும் விடக் குறைவு. அதற்குப் பதில் சாராயத்தின் சூடும் வறுத்த கசப்பும் சேர்ந்து திகட்டாமல் காக்கின்றன.

இதன் பெரிய பலம் திறந்த பிறகும் தாங்குவது. பீப்பாயில் பல வருடம் காற்றோடு பழகிய ஒயின் என்பதால், திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் மூன்று, நாலு வாரம் அப்படியே இருக்கும். தினம் ஒரு சின்ன கிளாஸ் என்பவருக்கு இதை விட்டால் வேறு இல்லை. வின்டேஜ் போர்ட் என்று போட்டிருப்பதை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பாட்டிலுக்குள் வயதாவது, வண்டலை வடிகட்டி ஊற்ற வேண்டும், திறந்தால் ஓரிரு நாளில் முடிக்க வேண்டும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், தனியாளுக்கு அது தலைவலி.

கவனிக்க வேண்டியது ஆல்கஹால்தான். இனிப்பு அதை மறைத்துவிடும். இரண்டாவது கிளாஸ் கேட்கும்போது இது சோட்டர்னை விட ஒன்றரை மடங்கு வலுவானது என்பது நினைவிருக்கட்டும். குடித்த பிறகு வண்டி எடுப்பது, அதிலும் தொப்பூர் கணவாய்ப் பக்கம் போவது, கூடவே கூடாது.

## மொஸ்காட்டோ தாஸ்தி

கம்பம் பன்னீர் திராட்சையை முகர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பன்னீர் திராட்சை மஸ்கட் குடும்பம். இதுவும் மஸ்கட் குடும்பம். அதே ரோஜாப் பன்னீர் வாசனை. இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் செய்வது. நொதிப்பதைப் பாதியிலேயே குளிரவைத்து நிறுத்துவதால் ஆல்கஹால் 4.5 முதல் 6.5 சதவீதம் மட்டும். நாக்கில் லேசாகச் சுறுசுறுக்கும் குமிழி. அந்தக் குமிழி புளிப்பின் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது.

ஒயினே குடிக்காதவர்கள், காரம் பழகிய நாக்கு, விருந்தில் பத்துப் பேர் என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். மற்றவற்றை விட விலையும் குறைவு. ஆனால் இது சீக்கிரம் வாடும் பூ. லேபிளில் இருக்கும் வருடம் எவ்வளவு புதியதோ அவ்வளவு நல்லது. திறந்தால் மறுநாளுக்குள் முடிக்க வேண்டும். லேசானது என்று 150 மில்லி ஊற்றிக்கொண்டால் 15 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது, நாலு டீஸ்பூன். அந்தக் கணக்கில் இது சோட்டர்னை மிஞ்சிவிடும்.

## நம் நாட்டு லேட் ஹார்வெஸ்ட்

நாசிக்கில் சூலா நிறுவனம் ஷெனின் பிளாங் திராட்சையில் லேட் ஹார்வெஸ்ட் என்று ஒரு இனிப்பு ஒயின் செய்கிறது. பூஞ்சை இதற்குத் தேவையில்லை. பழத்தைக் கூடுதல் நாள் கொடியில் விட்டுச் சர்க்கரை ஏறிய பிறகு பறிப்பது. 375 மில்லி பாட்டில், இறக்குமதி வரி இல்லாத விலை.

நம் வெயிலில் ஒரு சங்கடம் உண்டு. மாங்காய் பழுக்கும்போது இனிப்பு ஏறுகிற வேகத்தில் புளிப்பு இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். திராட்சையிலும் அதேதான், இரவு குளிராக இருந்தால்தான் புளிப்பு தங்கும். அதனால் நம் ஊர் இனிப்பு ஒயினில் அந்தக் கன்ன ஊறல் கொஞ்சம் கம்மி. தேனும் கொய்யா வாசனையும் உண்டு, நன்றாகக் குளிரவைத்தால் இனிமையாகவே இருக்கும். சோட்டர்னில் பணத்தைப் போடுவதற்கு முன், இந்த வகை நமக்கு ஒத்து வருமா என்று பார்க்க இது நல்ல வழி. இதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வேறு இரண்டைப் பற்றியும் கேட்பார்கள். ஐஸ் ஒயின்: கனடாவில் மைனஸ் 8 டிகிரியில் கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிவது; புளிப்பு அபாரம், விலையும் அப்படியே. ஸ்பெயினின் பெட்ரோ ஹிமெனெஸ் ஷெர்ரி: வெயிலில் காயவைத்த திராட்சை, கறுப்பு, கருப்பட்டிப் பாகு மாதிரி, லிட்டருக்கு 400 கிராம் வரை சர்க்கரை. 60 மில்லியில் ஆறு டீஸ்பூன். அதைக் கிளாஸில் குடிப்பதை விட வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு ஸ்பூன் விடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| ஒயின் | ஆல்கஹால் | புளிப்பு | திறந்த பிறகு ஃபிரிட்ஜில் | எப்போது |
|---|---|---|---|---|
| சோட்டர்ன் | 13–14% | நடுத்தரம் | 5–7 நாள் | ஐந்தாறு பேர், விசேஷ நாள் |
| டோகாய் அஸூ | சோட்டர்னை விடச் சற்றுக் குறைவு | கூடுதல் | 7–10 நாள் | திகட்டல் பிடிக்காதவர், ஐரோப்பாவிலிருந்து ஆள் வரும்போது |
| டானி போர்ட் | 19–22% | குறைவு | 3–4 வாரம் | தனியாக, தினம் கொஞ்சம் |
| மொஸ்காட்டோ தாஸ்தி | 4.5–6.5% | மிதம், குமிழியோடு | 1–2 நாள் | முதல் முறை குடிப்பவர், பெரிய கூட்டம் |
| லேட் ஹார்வெஸ்ட் (நாசிக்) | சோட்டர்னை ஒட்டி | குறைவு | 3–5 நாள் | செலவில்லாமல் பழகிப் பார்க்க |

## எங்கே வாங்குவது, எங்கே குடிப்பது

தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில்தான். சாதாரணக் கடையில் இந்த வகைகளைத் தேடிப் பயனில்லை. எலைட் கடைகளில் வெளிநாட்டு ஒயின் கொஞ்சம் வைத்திருப்பார்கள், ஆனால் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இருக்காது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர்க் கடைகள், அங்கே வாங்கலாம். ஆனால் கர்நாடகத்துப் பாட்டிலை அனுமதியில்லாமல் ஜூஜூவாடி வழியே இங்கே கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி வழக்கில் முடியும். ஒரு பாட்டில்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே வாங்கினால் அங்கே இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் குடித்து, ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வருவதே முறை.

## ருசி பார்க்கும்போது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றக் கூடாது. 4 டிகிரியில் வாசனை எழும்பாது, இனிப்பு மட்டும்தான் தெரியும். சோட்டர்னும் டோகாயும் 10, 12 டிகிரியில் பேசும். கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். மே மாதம் கிருஷ்ணகிரியில் பத்து நிமிடமே அதிகம். டானி போர்ட்டை இன்னும் கொஞ்சம் சூடாக, 14 டிகிரி சுமாரில். மொஸ்காட்டோவை நல்ல ஜில்லென்று.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடி கிளாஸ் வேண்டும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி முகர வேண்டும். முதல் முகர்வில் தேன் வரும். இரண்டாவதில்தான் ஆரஞ்சுத் தோலும் குங்குமப்பூவும். பிறகு ஒரு சின்ன வாய். நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, மனதுக்குள் எண்ணுங்கள். ருசி எத்தனை நொடி நிற்கிறது, நிற்கும்போது கன்னம் ஊறுகிறதா, இல்லை நாக்கில் பிசின் மாதிரி ஒட்டுகிறதா? ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் லேபில் நான் பார்த்ததை இங்கே நாக்கில்தான் பார்க்க வேண்டும். ஒயினை அந்தக் கருவியில் விட்டால் ஆல்கஹாலும் ஒளியை வளைத்துத் தப்பான எண்ணைக் காட்டும்.

பக்கத்தில் வைப்பதற்கு ஒரே விதி: சாப்பிடும் பண்டம் ஒயினை விட இனிப்பாக இருக்கக் கூடாது. நன்றாகப் பழுத்த அல்போன்சாவை வெட்டி வைத்து, எங்கள் ஊர்ப் பழம் என்ற பெருமையில் சோட்டர்ன் ஊற்றினேன் ஒரு தடவை. ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரிந்தது. ஜிலேபி, குலோப்ஜாமூன், மைசூர்பாகு எல்லாம் இதே காரியத்தைத்தான் செய்யும். செங்காயாக இருக்கும் பெங்களூராத் துண்டு, உப்பு போட்ட வறுத்த முந்திரி, சர்க்கரை குறைத்துச் செய்த பால்கோவா, நீல நரம்போடிய சீஸ் கிடைத்தால் அது: இவை சோட்டர்னையும் டோகாயையும் தூக்கிக் காட்டும். உப்பும் இனிப்பும் எப்போதுமே நல்ல ஜோடி. டானி போர்ட்டுக்குக் கருப்பட்டி மிட்டாயை விட வறுத்த வேர்க்கடலையும் கசப்புச் சாக்லேட்டும் பொருந்துகின்றன. மொஸ்காட்டோவுக்குப் பப்பாளி, கொய்யா போதும்.

## மூவருக்கும் நான் சொன்னது

ரோஜா நண்பருக்கு டோகாய். மகன் ஜெர்மனியிலிருந்து வருவதால் அங்கே எளிதாகக் கிடைக்கும். 5 புட்டோன்யோஷ் போட்ட 500 மில்லி. தான் வாழ்நாள் முழுக்க எதிர்த்துப் போராடும் பூஞ்சை என்ன செய்யும் என்று அவர் ஒருமுறை ருசி பார்க்கத்தான் வேண்டும்.

பழைய சகாவுக்கு 10 வருட டானி போர்ட், ஒரு இரவுக்கு 50 மில்லிக்கு மேல் இல்லை என்ற உறுதியோடு. அவருக்குச் சர்க்கரை இல்லை, போன மாதம்தான் ரத்தம் பரிசோதித்துப் பார்த்தார். இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அண்ணன் மகளிடம் சோட்டர்ன் அரைப் பாட்டில் என்றேன். அவள், கணவர், நாலு நண்பர்கள்: தலைக்கு 60 மில்லி, மீதி இல்லை. "கேக்கோடயா சித்தப்பா?" என்றாள். கேக்கை முதலில் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் கழித்து முந்திரியோடு ஊற்றச் சொன்னேன். அந்த நாலு பேரைத் தவிர, குடிக்காத நண்பர் ஒருவரும் வருகிறாராம். அவருக்கு எலுமிச்சை தாராளமாகப் பிழிந்த பானகம். அதையும் அதே கண்ணாடி கிளாஸில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.